கேள்வி கேட்காத நிறுவி

640க்கு 480 என்ற அளவுள்ள திரையில் கண்ணுக்குத் தெரிபவை 480 வரிகள். எலக்ட்ரான் கற்றை அடியிலிருந்து மேலே திரும்பிப் போகும் நேரத்தையும் வரிக்கணக்கில் சேர்த்தால் 525. அதை நொடிக்கு 60 முறை வரைந்தால் 31,500 வரிகள், அதாவது 31.5 கிலோஹெர்ட்ஸ். 1990களில் லினக்ஸில் வரைகலைத் திரையைக் கொண்டுவர வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்ற நிரலை ஓட்ட வேண்டும். உங்கள் மானிட்டரின் கிடைவரி வேகம் என்ன என்று அது கேட்கும். காட்டுகிற பட்டியலில் முதல் எண் இந்த 31.5. தெரியாமல் பெரிய எண்ணைப் போடாதீர்கள், மானிட்டர் கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். மானிட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் (தொலைக்காதவர் யார்?) ஒரு குத்துமதிப்பில் எண்ணைப் போட்டுவிட்டு, கீச்சென்று சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்று அந்தக் கேள்வியே இல்லை. பெரும்பாலான கணினிகளில் பென் டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. இதைப் பார்த்துப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள் ஒரு சாரார். கையால் எழுதிய கோப்போடு கணினியின் மேலிருந்த பிடியும் போயிற்று என்று பெருமூச்சு விடுகிறார்கள் இன்னொரு சாரார். இருவருமே எண்ணிக்கையைத்தான் அளக்கிறார்கள்: எத்தனை கணினியில் சரியாக வந்தது, எத்தனையில் வரவில்லை. என் அளவுகோல் வேறு. தானியங்கிக் கண்டறிதலை அது தவறுகிற இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். தவறும்போது அது என்ன சொல்கிறது? திருத்துவதற்கு வழி வைத்திருக்கிறதா? அந்தத் தவற்றின் செலவு யார் தலையில் விழுகிறது?

எடைபோடுவதற்கு ஓர் இடமும் வேண்டும். பெங்களூரின் அலுவலக மேசையில் எல்லாமே வேலை செய்யும். செய்யாவிட்டால் பக்கத்து இருக்கையில் இன்னொரு கணினி இருக்கிறது. நான் மனத்தில் வைத்துக்கொள்வது கோபிநத்தம். வீரப்பன் பிறந்த ஊர் என்று மட்டுமே வெளியுலகம் அறிந்த காட்டோரக் கிராமம். பழைய மைசூரு மாவட்டத்தில் இருந்தது; 1997இல் சாமராஜநகர் பிரிந்தபோது அதோடு போனது. ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை, பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், அரசாங்கக் காகிதத்தில் கன்னடம், கீபோர்டின் கட்டைகளில் ஆங்கிலம். இப்படிப்பட்ட ஊருக்கு யாரோ தந்த பழைய கணினி ஒன்று வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவிக்கு உண்மையான பரீட்சை அங்கேதான்.

முதலில் நியாயமாக, சாதனையைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ் சன்னல் அமைப்பு எம்ஐடியில் 1984இல் பிறந்தது. பிசிக்களுக்கான அதன் இலவச வடிவமான எக்ஸ்ஃப்ரீ86 வந்தது 1992இல். அப்போதெல்லாம் எக்ஸ் சர்வரே கர்னலைத் தாண்டிப் போய் கிராபிக்ஸ் கார்டை நேராகத் தொட்டு வேலை வாங்கியது. எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் என்ற ஞானம் ஒரே இடத்தில் இல்லை. ரெட் ஹாட் குட்சு என்ற நிரலில் ஒரு பட்டியல் வைத்திருந்தது, மாண்ட்ரேக் ஹார்ட்டிரேக்கில் இன்னொன்று, சூசே சாக்ஸ்2இல் வேறொன்று, டெபியன் டிஸ்கவரில் மற்றொன்று. ஒரே உழைப்பை நான்கு வீட்டில் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் குறுந்தட்டு, எதையும் கேட்காமல் நேரே கேடிஇ டெஸ்க்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. இது முடியும் என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி. ஆனால் ஒருவரின் சாமர்த்தியத்தை எல்லோருக்குமான அமைப்பாக்க இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்த அமைப்பின் அடிப்படை, வன்பொருள் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வது. பிசிஐ பாதையில் செருகிய ஒவ்வொரு கார்டும் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரித்தது யார், பொருள் எது. இன்டெல்லின் எண் 8086, தன் பழைய சிப்பின் பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டது. ஏஎம்டி கைக்கு வந்த ஏடிஐயின் எண் 1002. டிரைவர் எழுதுகிறவரே தன் டிரைவர் எந்தெந்த எண்களுக்குப் பொருந்தும் என்று அதற்குள் எழுதிவிடுகிறார். கணினி கிளம்பும்போது கர்னல் எண்ணை அறிவிக்கிறது, யூடெவ் என்ற நிரல் பட்டியலில் தேடிப் பொருத்துகிறது, டிரைவர் ஏறுகிறது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 கர்னலில் இன்டெல் கார்டுகளுக்குத் திரையின் அளவை அமைக்கும் வேலையும் கர்னலுக்குள் வந்தது. அறிவு இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கைக்கோப்புக்காக ஏங்குகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் எந்தக் கம்பெனிக் கார்டு என்று பார்த்து, தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றுவது இன்னமும் வழக்கத்தில் இருக்கிறது. விருப்பமுள்ளவர்களுக்கு அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

இந்தப் பொருத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பட்டியல் முடிந்த நாளுக்குப் பிறகு பிறந்த கார்டு அதில் இருக்காது. ஆகவே பழைய கர்னலோடு வரும் நிதானமான வெளியீட்டைப் புத்தம்புது லேப்டாப்பில் போட்டால் திணறும். ஐந்தாறு வருடம் ஓடிய பழைய டெஸ்க்டாப்பில் போட்டால், குறிப்பாக அது இன்டெல்லாக இருந்தால், பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடும். நம் கோபிநத்தத்துக்கு வந்து இறங்கிய பழைய பெட்டிக்கு இது நல்ல செய்தி. பழசு வாங்குகிறவனுக்குச் சாதகமாக நடப்பது கணினி உலகில் அபூர்வம்.

மானிட்டரின் கதை இன்னும் சுவையானது. வெசா அமைப்பு 1994இல் வகுத்த முறைப்படி ஒவ்வொரு மானிட்டரும் 128 பைட்டுகளில் தன் ஜாதகத்தை வைத்திருக்கிறது. அதன் பெயர் ஈடிஐடி. முதல் எட்டு பைட்டுகள் ஓர் அடையாள முத்திரை: ஒரு பூஜ்யம், ஆறு 255, மறுபடி ஒரு பூஜ்யம். அதன் பிறகு தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி இரண்டு பைட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தயாரித்த வருடத்துக்கு 1990லிருந்து எண்ணி ஒரு பைட். திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில். அந்தத் திரைக்கு உகந்த அளவும் வேகமும். கடைசி பைட், மொத்தக் கூட்டுத்தொகை 256ஆல் மீதியின்றி வகுபடுமாறு போட்டது. கூட்டிப் பார்த்து வகுபடவில்லையென்றால் வழியில் ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். புத்தகம் பார்த்து 31.5 என்று தட்டியவர்களின் வேலையை இந்த 128 பைட்டுகள் எடுத்துக்கொண்டன.

மானிட்டர்கள் பொய்யும் சொல்லும். சில தொலைக்காட்சிகள் தங்கள் அகலம் 16, உயரம் 9 என்று சொல்லிக்கொள்கின்றன. அது விகிதம், அதை நிஜ அளவென்று நம்பிய மென்பொருள், உள்ளங்கை அகலத் திரைக்கு எழுத்து அளக்கிறோம் என்று நினைத்து எழுத்துகளைப் பூதாகரமாக்கிவிடும். லினக்ஸ் கர்னலுக்குள் இப்படிப்பட்ட மானிட்டர்களுக்கென்றே ஒரு திருத்தப் பட்டியல் இருக்கிறது: இந்தக் கம்பெனியின் இந்த மாடல் இதைச் சொன்னால் நம்பாதே, அதை எடுத்துக்கொள். தானியங்கி என்று நாம் அழைப்பதற்குப் பின்னால் யாரோ ஒருவர் பொறுமையாகப் பார்த்து எழுதிய வரிகள் அவை.

பொய்யைவிட மௌனம் கொடிது. விஜிஏ கேபிளின் 15 ஊசிகளில் 12ஆவதும் 15ஆவதும்தான் இந்த ஜாதகத்தைக் கொண்டுவருகின்றன. மலிவான கேபிளிலும், ஒரு கணினியைப் புரொஜக்டருக்கும் மானிட்டருக்கும் பிரிக்கும் பெட்டியிலும் அந்த இரண்டும் பல நேரம் அறுந்தோ சேராமலோ கிடக்கும். படம் வருவது வேறு ஊசிகளில் என்பதால் படம் வரும், தகவல் வராது. ஜாதகம் கிடைக்காத கர்னல் 1024க்கு 768 வரை மட்டும் பாதுகாப்பாக அனுமதித்துக்கொண்டு நிற்கும். அகலத் திரையில் வட்டங்கள் எல்லாம் முட்டையாகத் தெரியும். பயன்படுத்துகிறவர் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் வேண்டிய அளவு பட்டியலிலேயே இராது. ஏன் இல்லை என்று அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லாது. "மானிட்டரிடமிருந்து தகவல் வரவில்லை, கேபிளைப் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி காட்டினால் போதும், பாதிப் பேர் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். அந்த வரி இல்லாததால் கிராபிக்ஸ் டிரைவரைத் தேடுகிறார்கள், மறுபடி நிறுவுகிறார்கள், கடைசியில் லினக்ஸே சரியில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். நாடி பார்த்த வைத்தியர் என்ன நோய் என்று சொல்லாமல் பொட்டலத்தை மட்டும் நீட்டுவது போன்றது இது.

விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? எக்ஸில் என்றால் எக்ஸ்ஆர்அண்ட்ஆர் கட்டளையில் வரி எண்ணிக்கையையும் வேகத்தையும் கணக்குப் போட்டுக் கொடுத்துப் புது அளவைச் சேர்ப்பார். ஆக, அந்த 525 பெருக்கல் 60 எங்கேயும் போய்விடவில்லை. இருபது படிகளுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறிய பிறகு அந்தக் கட்டளைக்கும் வேலையில்லை. டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் வழி வேறு.

எக்ஸ்ஃப்ரீ86இன் இடத்துக்கு வந்த எக்ஸ்ஆர்க், தவறும்போது எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரியையும் வைத்திருந்தது. அதன் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு குறி. (--) என்றால் வன்பொருளிடம் கேட்டு அறிந்தது. (**) என்றால் நீங்கள் கோப்பில் எழுதியது. (==) என்றால் யாரும் சொல்லாததால் நானாக எடுத்துக்கொண்டது. (++) என்றால் கட்டளை வரியில் வந்தது. ஒரு முடிவை மட்டும் சொல்லாமல் அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லும் இந்த நேர்மை, இந்த மொத்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. 1024க்கு 768 என்ற அளவு (--) ஆகவா (==) ஆகவா நிற்கிறது என்று பார்த்தால் கேபிள் கோளாறு அரை நிமிடத்தில் பிடிபடும். வருத்தம் என்னவென்றால் இந்தக் குறிகள் பதிவேட்டிலேயே தங்கிவிட்டன. எந்த டெஸ்க்டாப்பும் அவற்றை அமைப்புப் பக்கத்துக்கு, மனிதர் பார்க்கிற இடத்துக்கு, கொண்டுவரவில்லை.

தானியங்கி முறை செய்த ஆகப்பெரிய குற்றம் திரையில் நடக்கவில்லை, கீபோர்டில் நடந்தது. 2007 செப்டம்பரில் வந்த எக்ஸ் சர்வர் 1.4, ஹால் என்ற இடைநிலை மென்பொருள் வழியாகக் கீபோர்டையும் மவுசையும் தானே கண்டுபிடிக்கத் தொடங்கியது. அடுத்தடுத்த பதிப்புகளில், பயனர் கோப்பில் எழுதிவைத்த கீபோர்டுப் பகுதி செயலிழந்தது. எழுதியது அப்படியே இருக்கும். சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. தன் மொழியின் விசை அமைப்பைக் கோப்பில் எழுதிவைத்திருந்தவர்கள் ஒரு காலைப்பொழுதில் மேம்படுத்திவிட்டுப் பார்த்தால் ஆங்கிலம் மட்டுமே வந்தது. திருத்த வேண்டுமானால் ஹாலுக்கென்று எக்ஸ்எம்எல் கோப்பு எழுத வேண்டும்! ஹாலையே பிறகு கைவிட்டார்கள். 2010 ஏப்ரலில் வந்த 1.8, யூடெவுக்கு மாறி, சின்னச் சின்னக் கோப்புகளில் எளிய வரிகளாக எழுதும் முறையைக் கொண்டுவந்த பிறகே நிலைமை சீரானது. இந்த இரண்டரை ஆண்டுக் காலத்தை வளர்ச்சியின் வலி என்று மன்னித்துவிட என்னால் முடியாது. கண்டறிந்தது ஊகம், சொன்னது உத்தரவு. ஊகம் உத்தரவை மீறும் அமைப்பு எவ்வளவு புத்திசாலியானாலும் பிழையான அமைப்பு.

இன்னும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. யூஎஸ்பி கீபோர்டு தன்னைப் பற்றிச் சொல்லும் விவரத்தில் நாட்டுக்கென்று ஒரு பைட் உண்டு. கட்டைகளில் அச்சான மொழி எது என்று அதில் தெரிவிக்கலாம். விதிப்புத்தகத்தில் அதற்கு 35 இடங்கள்: அரபி, பெல்ஜியம், துருக்கிக்கு இரண்டு, இப்போது இல்லாத யூகோஸ்லாவியாவுக்கு ஒன்று. இந்தியா இல்லை. இருந்தாலும் பெரிதாகப் பயன் இராது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதில் பூஜ்யத்தைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே கீபோர்டு இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். அதில் உட்காரப்போகிறவர் தமிழ்99 தட்டுவாரா, கன்னடத்துக்குக் கர்நாடக அரசு ஏற்ற கே.பி. ராவ் அமைப்பு வேண்டுமா, பள்ளியில் இன்ஸ்கிரிப்ட் பழகியவரா என்பது எந்தச் சிப்பிலும் எழுதப்படவில்லை. கோபிநத்தத்தில் ஒரே வீட்டில் மூன்றும் தேவைப்படலாம். இங்கே நிறுவி கேட்டே ஆக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுக்கவும் விட வேண்டும். கடவுச்சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தமிழ் அமைப்பு மட்டுமே ஏற்றப்பட்ட நுழைவுத் திரையில் திண்டாடுகிறவருக்குத் தெரியும், ஒரு கேள்வியை மிச்சப்படுத்துவதன் விலை.

வாயே திறக்காத வன்பொருளும் உண்டு. 2008 முதல் நெட்புக்குகளில் வந்த இன்டெல் ஜிஎம்ஏ 500, உள்ளே இமாஜினேஷன் கம்பெனியின் பவர்விஆர் சிப். எண்ணைக் கண்டறிவதில் எந்தச் சிரமமும் இல்லை. ஏற்றுவதற்குத் திறந்த டிரைவர்தான் இல்லை. 2012இல் 3.3 கர்னலில் ஒரு டிரைவர் வந்தபோதும் முப்பரிமாண வேகம் அதில் கிடையாது. அதே 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸுக்கு ஒத்துழைக்காத கிராபிக்ஸ் கம்பெனியான என்விடியாவை மேடையில் நடுவிரல் காட்டித் திட்டியது ஊரறிந்த கதை. பத்தாண்டு கழித்து, 2022 மேயில்தான் அந்தக் கம்பெனி தன் கர்னல் பகுதிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இந்தத் தோல்விகளை நிறுவியின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஆனால் வைஃபை விஷயத்தில் நிறுவியை விட முடியாது. பல வைஃபை சிப்புகளுக்குக் கம்பெனி தரும் ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். அது கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவியில் அதை நெடுங்காலம் சேர்க்கவில்லை. தனியாக இறக்கிக்கொள்ளச் சொன்னது. இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் எடுக்க இணையம் வேண்டும். நகரத்தில் இது எரிச்சல். ஒரே ஒரு கணினி வந்து இறங்கிய ஊரில் அதோடு கதை முடிந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த புக்வோர்ம் முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கொள்கைச் சறுக்கல் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் கவலை பொய்யல்ல. மூடிய கோப்பை வசதியாக்கினால் அதைத் திறக்க வைக்கும் அழுத்தம் குறையும். என்றாலும் அந்தத் தூய்மைக்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கொள்கை வகுத்தவர் அல்லர், மாற்று வழியே இல்லாதவர். டெபியன் செய்தது சரி.

நம் அரசுகள் பக்கம் வருவோம். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளை டெபியனின் மேல் கட்டி 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கு நகர்ந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாட்டின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் ஏறி வந்தது. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூலாகத் தொடங்கி இன்று கைட் என்ற நிறுவனமாக இருக்கும் அமைப்பு, பள்ளிகளுக்கென்றே தன் லினக்ஸ் வெளியீட்டைப் பராமரிக்கிறது. மொத்தமாக வாங்கும்போது கண்டறிதலுக்கு வேலையே குறைவு. எந்த மாடல் என்று முன்கூட்டியே தெரியும். ஒன்றில் ஓட வைத்து அதை ஆயிரத்துக்கும் நகலெடுக்கலாம். கண்டறிதல் தேவைப்படுவது இரண்டாம் பிறவியில்: மாணவர் படிப்பை முடித்து, பேட்டரி போய், லேப்டாப் தம்பிக்கோ கடைக்கோ கைமாறி, யாரோ புதிதாக ஒன்றை நிறுவும் நாளில். டெண்டர் எழுதுகிறவர் அந்த நாளை யோசிப்பதில்லை. திறந்த டிரைவர் உள்ள வைஃபை சிப்பும் கிராபிக்ஸும் மட்டுமே ஏற்கப்படும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், எந்த நிறுவியின் சாமர்த்தியமும் தராத பலனை அது தரும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் கம்பெனிகள் கொடுக்கும். தனி ஆள் கேட்டால் கொடுக்காது.

ஆக என் தீர்ப்பு இது. திரையையும் கார்டையும் தானாகக் கண்டறியும் முறை தன் தகுதியை நிரூபித்துவிட்டது. பழைய கேள்விப் பட்டியலுக்குத் திரும்பக் கேட்பவரின் வாதம் நிற்காது. கீபோர்டில் அது தனக்கு உரிமையில்லாத இடத்தில் முடிவெடுக்கிறது. மனிதரிடம் மட்டுமே இருக்கும் தகவலை மனிதரிடம்தான் கேட்க வேண்டும், சொன்ன பிறகு மீறக்கூடாது. மௌனத்துக்கு மன்னிப்பில்லை. இதை வசதிக்குறை என்று தள்ளிவிட முடியாது; வடிவமைப்புப் பிழை இது. 1990களின் நிரல் 31.5 என்று கேட்டுப் படுத்தியபோதுகூடத் தனக்கு என்ன தெரியவில்லை என்பதை மறைக்கவில்லை. பாஸோ கைட்டோ, தங்கள் அமைப்புப் பக்கத்தில் திரையின் அளவுக்குப் பக்கத்தில் "மானிட்டர் சொன்னது" அல்லது "நாமாக எடுத்துக்கொண்டது" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி சேர்க்கப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. எக்ஸ்ஆர்க்கின் பதிவேட்டில் அந்தத் தகவல் ஏற்கெனவே கிடக்கிறது, (--) என்றும் (==) என்றும்.